எந்தக் கையைக் கொடுப்பது?

இன்று காலை ரந்தாவ் சந்தியில் ஏறிய ஒரு பெண் கழுத்து முழுக்கப் பவுடர் பூசியிருந்தாள். பஸ்ஸில் ஏர்கோன் பழுது. எல்லாரும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த வாசனை நேராக என் இருக்கைக்கு வந்துவிட்டது. கியரை மாற்ற மறந்து மேட்டில் வண்டியைத் திணறவிட்டேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அங்கிள், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். தூங்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தைக்குப் போடுகிற பவுடரை உள்ளங்கையில் கொட்டி, கித்தாரின் கழுத்து நெடுக ஒரு தடவு தடவிவிட்டு மேடை ஏறுகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான்.

வியர்த்தால் கை ஒட்டிக்கொள்ளும், பவுடர் போட்டால் ஓடும் என்பாய். அதெல்லாம் சரி, மிச்சத்தைச் சட்டையில் துடைப்பாயே, அதைச் சொல்ல வேண்டும். சிரம்பான் மண்டபத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா உன் சட்டையில் பதிந்திருந்த வெள்ளைக் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி சமையக்கட்டுலேர்ந்து நேரா வந்துட்டாரு போல" என்றார். நீ கொஞ்சமும் அசையாமல், "ஆமாங்கய்யா, பூரிக்கு மாவு பெசஞ்சுட்டு வரேன்" என்றாய். மனிதர் நம்பிவிட்டார். பூரி எப்போது வரும் என்று இரண்டு முறை மேடைக்கு வந்து கேட்டார்.

நீ போய் ஏழு மாதமாகிறது. நான் இப்போதும் அதே தொழிற்சாலை பஸ்ஸைத்தான் ஓட்டுகிறேன். ரந்தாவில் ஆட்களை ஏற்றிச் செண்டாயானில் இறக்குவேன், சாயங்காலம் அங்கே ஏற்றி இங்கே இறக்குவேன். செண்டாயானில் நான் வண்டியைத் திருப்புகிற இடம் ஒரு காலத்தில் நம் எஸ்டேட்டின் பதினோராம் நம்பர் ரப்பர் காடு. அதைப் பற்றி எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது, அங்கே கொசு அதிகம். களைப்புதான் எனக்கு. அறுபத்திரண்டு வயதில் படுக்கையிலிருந்து எழும்போதே களைப்போடுதான் எழுகிறேன். உன்னோடு வேன் ஓட்டிய காலத்திலும் களைத்துத்தான் போவேன், ஆனால் அதைக் கேலி செய்ய அப்போது பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய்.

நாம் இருவருமே பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். நீ தேவாலயத்துப் பிள்ளை, நான் மாரியம்மன் கோயில் பிள்ளை. தேவாலயத்தில் யாரோ விட்டுப்போன கித்தாரில் ஆறு கம்பிக்கு ஐந்துதான் இருந்தது. அந்த ஐந்தை வைத்துக்கொண்டே ரேடியோவில் வந்ததையெல்லாம் வாசித்தாய். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம், எதுவும் உனக்கு வித்தியாசமில்லை. என்னைப் பேஸ் கித்தார் எடுக்கச் சொன்னதும் நீதான். "ஒனக்கு வெரலு ஒவ்வொன்னும் வாழப்பழம் தண்டிக்கு இருக்கு, நீ பேஸ் எடு" என்றாய். மரியாதையான யோசனை என்று நான் அப்போதே நினைக்கவில்லை.

மற்றவர்களைப் போல உனக்கென்று ஒரு பேண்டு இருந்ததில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருந்த எல்லாப் பேண்டுக்கும் நீதான் மாற்று ஆள். எவனுடைய லீட் கித்தார்காரனுக்குக் காய்ச்சல் வந்தாலும், எவன் மனைவிக்குப் பிரசவம் என்றாலும், எவன் பாடகரோடு சண்டை போட்டுக்கொண்டு போனாலும், உன் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். நீயும் இல்லையென்று சொல்ல மாட்டாய். உன்னோடு வேனை ஓட்டிக்கொண்டு நானும் வருவேன். பேஸ்காரன் தேவையென்றால் வாசிப்பேன், இல்லையென்றால் பின்னால் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவேன்.

வேனில் உன் சட்டைகள் மூன்று தொங்கும். போர்ட்டிக்சன் ஹோட்டலில் பழைய ஆங்கிலப் பாட்டுக்குப் பாத்திக் சட்டை, கல்யாண வீட்டுத் தமிழ்ப் பாட்டுக்கு வெள்ளை முழுக்கை, மலாய் ராக் கச்சேரிக்குக் கறுப்பு. ராக் மேடைக்குத் தோளைத் தொடுகிற முடியும் வேண்டும். உன் தலையோ ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி மாதிரி ஒட்ட வாரியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிக்க வேண்டுமே. அதனால் ஒரு டோப்பா வாங்கினாய். பகாவ் பக்கம் ஒரு திடலில் தலையை வேகமாக ஆட்டி அது கழன்று முன்வரிசையில் விழுந்தது ஞாபகமிருக்கிறதா? அது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அதைப் பிடித்தவன் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

கோலாலம்பூரில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கும் உன் நம்பர் தெரிந்திருந்தது. மேடையில் துள்ளிக் குதிக்கிற கித்தார்காரன் கண்ணாடி அறைக்குள் போனதும் நடுங்குவான். அப்போது உன்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போவார்கள். நீ முதலில் அவனை வாசிக்கச் சொல்லி அரை மணி நேரம் கேட்பாய். எங்கே தாமதிக்கிறான், எந்தக் கம்பியை அளவுக்கு மீறி இழுக்கிறான் என்று கவனித்துவிட்டு, அவனுடைய தப்பையும் சேர்த்து அவனாகவே வாசித்துவிட்டு வருவாய். கேசட் வெளியானால் உறையில் அவன் பெயர், அவன் படம். நான் கொதிப்பேன்.

"ஒன் பேரு எங்கடா?"

"அவன் மாதிரி வாசிச்சதுக்கு அவன் பேருதானடா போடுவாங்க?"

உனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது, இன்னும் இருக்கிறது. மலாய் ராக் பாடகர் ஹலீம் உன்னை நிரந்தரமாகத் தன் பேண்டில் சேரச் சொல்லி இரண்டு முறை கேட்டார். சேர்ந்திருந்தால் உன் முகம் சுவரொட்டியில் வந்திருக்கும். "வருஷம் பூரா ஒரே ஆளா இருந்தா போரடிக்கும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் மந்தினில் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு வாசிக்கப் போனாய். உன்னோடு கோபித்துக்கொண்டு நான் நீலாய் வரை பேசாமல் வேன் ஓட்டினேன். நீ பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு வந்தாய்.

பிறகு சர்க்கரை வந்தது. நம் ஆட்களில் யாருக்குத்தான் வரவில்லை. சர்க்கரைக்குப் பின்னால் சிறுநீரகம் போயிற்று. வாரம் மூன்று நாள் ரத்தம் கழுவ வேண்டும், அதற்கு முன்னேற்பாடாகக் கையில் ஒரு சின்ன அறுவை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். கையில் ஓடுகிற இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சில வாரங்களில் அந்த இடம் தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும். "நீங்கள் எந்தக் கையால் வேலை செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். அந்தக் கையை விட்டுவிட்டு மற்றக் கையில் செய்வது வழக்கமாம். நீ "ரெண்டு கையாலயும்" என்றாய். அவர் சிரித்துவிட்டு, எழுதுகிற கை எது என்று கேட்டார். வலது என்றாய். "அப்படியென்றால் இடதில் போடலாம்" என்றார். நீ ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மந்தினில் பூசை முடிந்ததும் எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ 'தே ஓ கோசோங்' கேட்டாய். சர்க்கரையில்லாத அந்தக் கறுப்புத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, கடைக்காரரை நீ பார்த்த பார்வை அவருக்குப் புரிந்திருக்காது. பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாய்.

"எந்தக் கையடா குடுக்கறது?"

நான் யோசிக்கவேயில்லை. "வலதக் குடு. இடது போச்சுன்னா நோட்டே கெடயாது. வலது சும்மா தட்டறதுதானலா" என்றேன்.

"சும்மா தட்டறதா?"

"பின்ன?"

வலது கை விரல்களால் மேசையில் ஒரு விதமாகத் தட்டினாய். பிறகு வேறு விதமாக, பிறகு இன்னொரு விதமாக. ஈயை விரட்டுகிறாய் என்று நினைத்தேன். "சரி, நீ சொன்னா சரி" என்றாய். நாற்பது வருடத்தில் நீ என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். வேறு எதிலாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

நான் ஒரு பேஸ்காரன். அந்தத் தடித்த கம்பிகளை அமுக்குகிற இடது கைதான் எனக்கு உயிர்போக வலிக்கும், வலது கை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். என் வலியை வைத்து உன் கைக்குத் தீர்ப்புச் சொன்னேன். நீ கல்யாண வீட்டில் விரலால் கம்பியைக் கிள்ளுவதும், தேவாலயத்தில் கட்டைவிரலால் மட்டும் வருடுவதும், ஹோட்டலில் மணிக்கட்டைத் தளரவிட்டு வீசுவதும், ராக் மேடையில் உள்ளங்கையைக் கம்பிமேல் அழுத்தி வைத்து இடிப்பதும், எல்லாம் வலது கை செய்த வேலை. இடது கை எந்த நோட்டு என்று சொல்லும், அவ்வளவுதான். நீ யாராக வாசிக்கிறாய் என்பதை வலது கைதான் சொல்லும். பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கு அது தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தும் நீ என் பேச்சைக் கேட்டாய். அது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டாக்டர் வலது கையின் குழாய்களையும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். காயம் ஆறியதும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் ஓர் அதிர்வு வந்துவிட்டது. ரத்தம் வேகமாகப் பாய்கிற அதிர்வு அது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தாய். "பாரு, ஒன் ஆம்ப்ளிபையர் மாதிரி உறுமுது." பிறகு கையைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பி பிளாட் நோட்டுக்குக் கொஞ்சம் கீழ" என்றாய். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். தினமும் காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், உறுமல் நின்றால் ரத்தம் கட்டிக்கொண்டது என்று அர்த்தம், உடனே ஓடி வர வேண்டும் என்று அவள் சொன்னாள். கடிகாரம் கட்டாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், அந்தக் கையை அழுத்திக்கொண்டு படுக்காதீர்கள் என்று ஒரு பட்டியலும் கொடுத்தாள். கித்தாரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நாமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று இருவருக்கும் தெரியும்.

வாரம் மூன்று காலை உன்னைச் சிரம்பானில் கொண்டுபோய் விட்டேன். நாலு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது வெளுத்த துணி மாதிரி இருப்பாய். வேனில் ஏறியதும் தூங்கிவிடுவாய். அந்த நிலையிலும் மாதம் இரண்டு மூன்று கச்சேரிக்கு ஒத்துக்கொண்டாய். நானும் சேர்ந்துதான் ஒத்துக்கொண்டேன்.

ரந்தாவில் ஒரு பிறந்தநாள் விருந்தில்தான் உன் வாசிப்பு மாறியிருப்பதை நான் முதலில் கேட்டேன். முழங்கைக்குக் கீழே கித்தாரின் விளிம்பில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி வாசித்தாய். நோட்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டுக்குப் பிறகு மலாய்ப் பாட்டு, அதற்குப் பிறகு ஆங்கிலப் பாட்டு என்று போனபோது எல்லாமே பக்கத்து வீட்டு வானொலி மாதிரி ஒரே மெலிசாகக் கேட்டது. பாடுகிற பெண் இரண்டு முறை திரும்பி உன்னைப் பார்த்தாள். வயர்களை மூட்டை கட்டும்போது நீ கேட்டாய்.

"எல்லாப் பாட்டும் ஒரே ஆளு வாசிக்கற மாதிரி இருக்குல்ல?"

"அதெல்லாம் இல்ல."

"பொய் சொல்லாதடா. ஒனக்குப் பொய் சொல்ல வராது, காது செவந்துரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாந்தான வலதக் குடுன்னு சொன்னேன்" என்றேன்.

"நான்தான கேட்டேன். ரெண்டு பேரும் சேந்து முட்டாளா இருந்துருக்கோம், விடு. வயரச் சுத்து."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீ ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தொலைபேசி அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. மாற்று ஆளுக்கே மாற்று ஆள் தேடிக்கொண்டார்கள். உன் வேனில் தொங்கிய சட்டைகளை உன் மகள் எஸ்தர் எடுத்து மடித்து வைத்தாள்.

அப்போதுதான் ஹலீம் கூப்பிட்டார். பழைய ஆட்களைச் சேர்த்து சிரம்பானில் ஒரு ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி, கடைசியாக ஒரு தடவை. நீ முடியாது என்றாய். இந்த முறை நீ முடியாது என்றாய், நான்தான் விடவில்லை. ரத்தம் கழுவாத நாள்தானே, நாற்காலியில் உட்கார்ந்து வாசி, விளிம்பில் ஒரு துண்டை மடித்துக் கட்டிவிடுகிறேன், கை மெத்தென்று இருக்கும் என்றேன். எஸ்தர் என்னை முறைத்தாள். "அப்பா ஒடம்பு என்னா ஒடம்பு மாமா, கித்தாரா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, ஆசிரியை என்பதால் வர முடியாது. பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

முதல் மூன்று பாட்டு மெலிசாகத்தான் போயிற்று. ஹலீம் நல்ல மனிதர், தன் குரலை உன் அளவுக்குக் குறைத்துக்கொண்டார். நான்காவது அவருடைய பழைய மெதுப் பாட்டு. நடுவில் தனியாக வாசிக்க உனக்கு எட்டு வரி. நீ ஆரம்பிக்கும்போது கட்டைவிரல்தான் பேசியது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு போகும்போது வாசிப்பாயே, அந்த வருடல். ராக் பாட்டுக்கு நடுவில் அதை நான் கேட்டதேயில்லை. பிறகு கல்யாண வீட்டுக் கிள்ளல் வந்தது, அதன் மேலேயே ஹோட்டல் வீச்சு வந்தது. எட்டு வரி முடிந்துவிட்டது. ஹலீம் பாட வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றார். நானும் டிரம்ஸ்காரரும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நீ உள்ளங்கையை வைத்து இடிக்க ஆரம்பித்தாய். எவனுடைய சாயலும் அதில் இல்லை. உன்னிடமிருந்து எல்லாரும் வாங்கிப்போன அத்தனையையும் நீ ஒரே பாட்டில் உனக்காக வாசித்துக்கொண்டாய். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மேடையில், இத்தனை பேர் முன்னால்.

அந்த இடிப்பில் துண்டின் கட்டு அவிழ்ந்தது. அது நழுவி என் கால் சப்பாத்தின் மேல் வந்து விழுந்தது. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். உன் கை கித்தாரின் கூர் விளிம்பில் முழுப் பாரத்தோடு பதிந்திருந்தது.

உனக்கு இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். தோளில் ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். தட்டவில்லை. தட்டினால் நீ நிறுத்திவிடுவாய். நீ நிறுத்துவதை நான் விரும்பவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்தப் பாட்டு முடிந்த பிறகுதான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். நீ அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகும் ஏழு பாட்டு இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நீ கூப்பிட்டாய். "டேய், உறுமல் நின்னுருச்சுடா. வண்டிய எடுத்துட்டு வா."

சிரம்பான் சாலையில் நமக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. நீ இடது கை விரல்களால் வலது மணிக்கட்டை அங்குமிங்கும் தொட்டுத் தேடிக்கொண்டே வந்தாய். கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"நேத்து எப்படிடா இருந்துச்சு?"

நம் தொழிலில் ஒருவனையொருவன் புகழ்கிற பழக்கம் இல்லை. முகத்துக்கு நேராக நன்றாக வாசித்தாய் என்று சொன்னால் அவன் ஏதோ கேலி என்று நினைப்பான். கச்சேரி முடிந்து எவன் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். மோசமாக இருந்தால் பதிலே சொல்ல மாட்டோம். அந்தக் காலையிலும் என் வாயில் அந்தப் பழைய பதில்தான் வந்தது.

"பரவால்ல" என்றேன்.

வாயை அதற்கு மேல் திறந்திருந்தால் துண்டு விழுந்த விஷயமும் சேர்ந்து வந்திருக்கும். பயந்தேன். லோரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ "ம்" என்றாய். பிறகு, "ரெண்டாவது பாட்டுல நீ ஒரு எடத்துல தடுமாறுன" என்றாய். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் நாம் பேசியது.

அடைப்பை எடுக்க முயன்றார்கள், முடியவில்லை. எதனால் கட்டிக்கொண்டது என்று டாக்டரைக் கேட்டேன். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் ஆகும், அழுத்தம் இறங்கினாலும் ஆகும், சில சமயம் தானாகவே ஆகும், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அவரால் சொல்ல முடியாது. என்னால் முடியும். கழுத்தில் ஒரு குழாய் போட்டு அதன் வழியே ரத்தம் கழுவினார்கள். மூன்றாவது வாரம் அந்தக் குழாயில் கிருமி ஏறி உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சலின் ஐந்தாம் நாள் நீ இல்லை. இடையில் எத்தனையோ தடவை உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஆரஞ்சு உரித்தேன், அது உனக்குக் கூடாது என்று நர்ஸ் வாங்கி வைத்தாள். கால்பந்து முடிவு சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒவ்வொரு நாளும் எழுந்து வந்தேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் ஆட்கள் கலைந்த பிறகு, எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைத் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"அன்னிக்கு அப்பா எப்படி வாசிச்சாங்க மாமா?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரில நான் கேட்டேன். 'ஒங்க மாமா பரவால்லன்னு சொல்லிட்டான்மா'ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒன்னும் சொல்லல."

உன் சொந்த மகளிடம் உன் கடைசி வாசிப்பைப் பற்றி நீ எடுத்துச் சொன்னது என்னுடைய அந்த ஒரு வார்த்தையை.

அவளுக்கு எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். தேவாலயத்துக் கட்டைவிரலைச் சொன்னேன், கல்யாண வீட்டுக் கிள்ளலைச் சொன்னேன், ஹலீம் வாயை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். மேசையில் என் வாழைப்பழ விரல்களால் தட்டித் தட்டிக் காட்டினேன். கூட்டம் எழுந்து நின்றது என்றேன். நான் அழுதேன் என்றேன். துண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்:

"இதெல்லாம் அப்பாகிட்ட சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன்மா" என்றேன். "கட்டில்ல இருக்கும்போது சொன்னேன். சிரிச்சான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்ல வேள மாமா, நல்ல வேள" என்றாள். என் காது சிவந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை.

அந்தப் பொய்யோடுதான் ஐந்து மாதத்துக்கும் மேலாக இந்தப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் போய்த் திருத்த எனக்கு மனமில்லை, அவளுக்கு இப்போது இருக்கிற நிம்மதி அது ஒன்றுதான். உன்னிடம் மட்டும்தான் திருத்த முடியும். அந்தச் சாலையில், அந்த லோரிக்குப் பின்னால், நீ என்னைப் பார்க்காமல் கேட்டாய். நான் பதில் சொல்கிறேன், கேள். துண்டு விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் உன்னை நிறுத்தவில்லை. ஏனென்றால் நேத்து நீ ரொம்ப நல்லா வாசிச்சடா.